பெயர் சொல்லாத வேட்டுவன்

புறநானூறு என்றவுடனே நம்மவருள் பலர்க்கு நினைவில் எழுவன வாளும் வேலும் முரசும் யானையுமே. 1894இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலை அச்சிட்டு வெளிப்படுத்திய நாள்முதல், மேடைகளில் பெரிதும் எடுத்தோதப் பெறுவனவும் அப்போர்ப் பாட்டுக்களே. ஆயின் அந்நூலின் 150ஆம் செய்யுளில் போரும் இல்லை; கொலுமண்டபமும் இல்லை. நெடுவழி நடந்து சோர்ந்த ஒரு புலவர், வேட்டையாடி வரும் ஒருவன், சிறிது நெருப்பு, சுட்ட இறைச்சி, இவ்வளவே அதன் பொருள். பாடியவர் வன்பரணர். இச்செய்யுளை நாம் படித்துவரும் முறை செவ்வையானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வறுமையால் பிறநாடு நோக்கிப் புறப்பட்ட புலவர், இனி ஓரடியும் எடுத்து வைக்க மாட்டாதவராய்ப் பலாமரத்தடியில் சாய்ந்திருக்கின்றார். அவர் உடுத்த கந்தைக்குக் கூதிர்காலத்துப் பருந்தின் சிறகு உவமை. மழையில் நனைந்து பறக்கவொண்ணாத பறவையும், பசியால் நடக்கவொண்ணாத மனிதரும்! அவ்வழியே, மான்குருதி படிந்த காலும் மணி விளங்கும் தலையுமாக ஒரு வில்வேட்டுவன் வருகின்றான். புலவர் தொழுது எழுகின்றார். அவன் கைகவித்து அவரை இருத்துகின்றான். காட்டில் வழி மயங்கிய தன் ஏவலிளைஞர் வந்து சேருமுன்னரே, தானே தீக்கடைந்து, கொழுந்தசையைச் சுட்டு, சுற்றத்தோடு உண்ணுமாறு கொடுக்கின்றான். அருவிநீர் பருகிப் புலவர் விடைகொள்ளுங்கால், தாம் காட்டில் வாழ்வோர் என்றும், தருவதற்குச் சிறந்த பொருள் வேறில்லை என்றும் கூறி, மார்பின் ஆரத்தையும் கையின் கடகத்தையும் கழற்றி ஈகின்றான். நாடு யாது, பெயர் யாது என்று வினவியும் அவன் விடை கூறவில்லை. பின்னர் வழியிற் கண்ட பிறர் சொல்லவே, அவன் தோட்டி மலைக்குரிய நள்ளி என்பதைப் புலவர் அறிகின்றார்.

விளக்கம் கூறுவோர் பலரும் இக்கடைசிச் செய்தியையே பற்றிக்கொண்டு, கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய நள்ளியின் கொடைச் சிறப்பு என்று முடித்துவிடுகின்றனர். கொடுத்தவன் தலைவன், ஆதலின் வியப்பு என்பது அவர் கருத்து. பாட்டு அவ்வாறு நடக்கவில்லை. பெயரை முதலிற் கூறியிருப்பின் இது மற்றுமோர் அரசவாழ்த்தாகவே முடிந்திருக்கும். புலவரோ அதனை ஈற்றடிவரை வெளியிடாமல் வைத்திருக்கின்றார். உண்டதும் பருகியதும் பெற்றதும் ஒரு வேட்டுவன் கையால். நன்றியுணர்வு நெஞ்சில் ஊன்றிய பிறகே நள்ளி என்னும் பெயர் நம் செவியில் விழுகின்றது.

இதன் அருமை, இதே புலவர் பாடிய 152ஆம் செய்யுளோடு ஒப்புநோக்கின் விளங்கும். அங்கும் ஒரு வேட்டுவனே தோன்றுகின்றான். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை வீழ்த்திப் புற்றிலிருந்த உடும்பினும் சென்று தைக்கின்றது. கண்ட மாத்திரத்திலேயே, இவன் விலைக்குக் கொல்வானல்லன், செல்வமுடையான், ஓரியோ என்று புலவர் ஐயுறுகின்றார். அதன்பின் யாழும் முழவும் முழங்கப் புகழ்ப்பாட்டு எழுகின்றது. அவனும் நாணி நின்று, ஊனும் கள்ளும் பொன்னும் அளிக்கின்றான். அழகிய பாட்டே, ஐயமில்லை. எனினும் அங்கே பாட்டு முன்னும் பரிசு பின்னுமாக நிற்கின்றன. 150இலோ புலவர் ஒரு பாட்டும் பாடுமுன்னரே உணவு வந்துவிடுகின்றது. ஆதலின் இதுவே உயர்ந்தது என்பது எம் துணிபு.

குறையொன்றும் இல்லையோ எனின், உண்டு. புலவர் எழுந்து தொழுவது மணியணிந்த தலையைக் கண்டு. அணியற்ற வேட்டுவன் வந்திருப்பின் எழுந்திருப்பாரோ என்று கேட்க இடமிருக்கின்றது. ஆனால் அவ்வணக்கத்தைக் கையமர்த்தி மறுக்கின்றவன் அவ்வேட்டுவனே என்பதை மறத்தலாகாது. புலவரினும் அவர் கண்ட மனிதன் பெரியவன். அதனை மறையாது பாடியதே புலவர்க்குப் பெருமை.

இனி, கோலா சுங்கை பாருத் தோட்டங்களிலும் மலாக்கா நகரிலும் வாழும் நமக்கு இப்பாட்டால் ஆவதென்ன? இச்செய்யுளில் ஊரும் பேரும் கேட்பவர் உண்டவர். உணவளித்தவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கண்டது நடந்து தளர்ந்த உடலையே. கப்பலேறி வந்த நம் முன்னோருட் பலர் சாதியையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தனர். எந்த ஊர், என்ன ஆள் என்று விசாரித்த பின்னரே பாய் விரித்த லயங்கள் எத்தனை! சங்கப் பாட்டின் பழமையைப் பேசி மார்தட்டும் நாம், அப்பாட்டு நம்மை நோக்கிக் கேட்கும் கேள்விக்கு விடை கூறவேண்டாவோ?

மற்றொன்றும் உண்டு. மலாக்காவிலும் நெகிரி செம்பிலானிலும் வாழும் தெமுவான் மக்கள் இந்நாட்டின் தொல்குடியினர். ஊதுகுழலில் நஞ்சூட்டிய அம்பு வைத்து வேட்டையாடும் கலை அவர்தம் முன்னோர் வைத்துச் சென்றது. இத்தொல்குடியினரைச் ‘சக்காய்’ என்று இழித்துரைத்த வழக்கம் நெடுநாள் இருந்தது. ஆதிமக்கள் என்னும் பொருளுடைய ‘ஓராங் அஸ்லி’ என்பதே இன்று வழங்கும் பெயர். ஏட்டில் வரும் வேட்டுவனைப் போற்றிவிட்டு, நாட்டில் வாழும் வேட்டுவனைக் காடன் என்று எள்ளுவோமாயின், நாம் புறநானூற்றைப் படித்தவர் ஆகோம். இச்செய்யுளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், நள்ளி என்னும் பெயரைக் கடைசியில் மட்டும் சொல்வார்களாக. புலவர் வைத்த முறையும் அதுவே.