நாற்காலியைத் தட்டியவர்

'ரூமர்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'செகண்ட் ஹேண்ட் நியூஸ்'. நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேட்டால் டிரம்ஸுக்கு அடியில் இன்னொரு ஓசை ஓடுவது தெரியும். உலர்ந்த, பிடிவாதமான ஒரு தட்டல். எந்தத் தோல்வாத்தியத்தோடும் அதைச் சேர்க்க முடியாது. அது ஒரு நாற்காலி. 1976இல் பதிவு நடந்தபோது பாட்டை எழுதியவர் தேடிய துள்ளல் கிடைக்காமல் போக்குக் காட்டியது. பீ ஜீஸ் குழுவின் 'ஜைவ் டாக்கிங்' அவர் காதை விட்டு அகலாமல் நின்றிருந்தது. ஸ்டூடியோவில் கிடந்த ரெக்ஸின் நாற்காலியின் இருக்கையைத் தட்டி, அதையும் பதிவில் சேர்த்துவிட்டார். உலகெங்கும் 4 கோடிப் பிரதிகள் விற்ற ஓர் ஆல்பம் இப்படி மரச்சாமான் வாசிப்போடு தொடங்குகிறது.

தட்டியவர் லிண்ட்சி பக்கிங்ஹாம், ஃப்ளீட்வுட் மேக் குழுவின் கிட்டார்க்காரர். 2011இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் மிகச் சிறந்த 100 கிட்டார் கலைஞர்களைப் பட்டியலிட்டபோது அவருக்குக் கிடைத்தது நூறாவது இடம். பந்தியின் கடைசி இலை. இத்தகைய பட்டியல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் இந்த எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. ராக் உலகம் கிட்டார்க்காரரை சோலோவை வைத்து அளக்கிறது: எவ்வளவு வேகம், எவ்வளவு நீளம், கூட்டம் எந்த இடத்தில் எழுந்து நின்றது. பக்கிங்ஹாமின் ஆகச் சிறந்த வேலை, கிட்டார் வாசிக்கப்படுகிறது என்பதே நமக்கு உறைக்காத இடங்களில் ஒளிந்திருக்கிறது. வாசிப்பவர், பாட்டைக் கட்டுபவர், அது எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் என மூவரையும் அவரிடம் பிரித்தெடுப்பது கடினம். பிரித்து மதிப்பெண் போட்டதால்தான் மூன்றிலும் குறைந்துபோனார் என்று எனக்குத் தோன்றுகிறது.

தயாரிப்பாளர் என்றதும் நமக்குப் பணம் போடுகிறவர் நினைவுக்கு வருவார். ராக் இசையில் புரொட்யூசர் என்பவர் வேறு ஆள். எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும், பத்துத் தடவை பாடியதில் எதை வைத்துக்கொள்வது, குரலுக்குப் பின்னால் எத்தனை அடுக்கு, எங்கே வெட்டுவது, எங்கே சும்மா இருப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. சினிமாக் கணக்கில் இயக்குநரும் எடிட்டரும் சேர்ந்து பார்க்கிற வேலை. கிட்டாரோடு இதையும் சுமந்தவர்கள் பலர் உண்டு. லெட் செப்பலின் ஆல்பங்களின் புரொட்யூசர் ஜிம்மி பேஜ்தான். ஆனால் கிட்டார்க்காரர் என்ற புகழே அந்த உழைப்பை மூடிவிட்டது. ஓட்டிஸ் ரெடிங் 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தபின், அவரோடு சேர்ந்து எழுதிய 'டாக் ஆஃப் தி பே' பாட்டை உட்கார்ந்து முடித்துக்கொடுத்தவர் ஸ்டீவ் குரோப்பர். அதில் கேட்கும் அலையோசை பிறகு சேர்த்தது. லூ ரீடின் 'டிரான்ஸ்ஃபார்மர்' ஆல்பத்தை டேவிட் போவியோடு சேர்ந்து தயாரித்த மிக் ரான்சன் கடைசிவரை போவியின் நிழலிலேயே நின்றார். இந்த வரிசையில் பக்கிங்ஹாமின் நிலைமை கொஞ்சம் விசித்திரமானது. அவர் கைக்கு வந்த மூலப்பொருளில் பெரும்பகுதி அடுத்தவர் எழுதிய பாட்டு. அந்த அடுத்தவர்களில் ஒருவர் அவருடைய முன்னாள் காதலி ஸ்டீவி நிக்ஸ்.

1949இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் பிறந்தவர். நொட்டேஷன் படிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. அண்ணன் வாங்கிவந்த எல்விஸ் இசைத்தட்டுகளிலும், பிறகு கிங்ஸ்டன் ட்ரையோவின் நாட்டுப்புறப் பாட்டுகளிலும் காது வளர்ந்தது. பேஞ்சோ வாத்தியத்துக்குரிய விரல் வேலையைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். தந்தி மீட்டும் சிறு தகடான பிக்கை வைத்து வாசிக்கும் பழக்கம் ஒட்டவில்லை. 1960களின் பிற்பகுதியில் ஸ்டீவி நிக்ஸோடு 'ஃப்ரிட்ஸ்' என்ற குழுவில் இருந்தபோது, சத்தமான ராக்குக்கு இந்த விரல் வாசிப்பு ஒத்துவராது என்பதால் அவருக்குக் கிடைத்தது பேஸ் கிட்டார். யோசித்துப் பார்த்தால் அது நல்ல தண்டனை. பாட்டை அடியிலிருந்து கேட்கும் பழக்கம் அங்கே வந்திருக்க வேண்டும்.

குழு கலைந்தது. சுரப்பிக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுத்திருந்தார். இறந்துபோன அத்தை ஒருவர் விட்டுச்சென்ற பணத்தில் ஆம்பெக்ஸ் நான்கு டிராக் டேப் மெஷின் ஒன்றை வாங்கினார். டேலி சிட்டியில் அவர் அப்பாவுக்குக் காப்பிக்கொட்டை வறுக்கும் ஆலை இருந்தது. வேலையாட்கள் போனபின் இரவில் அங்கே மெஷினை வைத்துப் பதிவு. நான்கு டிராக்தான் என்றால் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும்: ஒன்றில் தாளம், ஒன்றில் கிட்டார், ஒன்றில் குரல், மிச்சம் ஒன்று. இடம் போதாவிட்டால் இரண்டைக் கலந்து ஒன்றாக்கி, காலியான டிராக்கில் மேலும் ஏற்ற வேண்டும். கலந்த பிறகு பிரிக்க முடியாது. எது முன்னே வரும், எது பின்னே போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் துணிய முடியும். பக்கிங்ஹாமின் இரண்டாவது வாத்தியம் இந்த மெஷின்.

'பக்கிங்ஹாம் நிக்ஸ்' ஆல்பம் 1973இல் வந்தது, விற்கவில்லை. 1974 கடைசியில் ஸ்டூடியோ தேடி லாஸ் ஏஞ்சலிஸின் சவுண்ட் சிட்டிக்கு வந்த ஃப்ளீட்வுட் மேக்கின் டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட்டுக்கு, இடத்தின் ஒலித்தரத்தைக் காட்டுவதற்காக அங்கே ஒலிப்பதிவாளராக இருந்த கீத் ஓல்சன் அதிலிருந்து ஒரு பாட்டைப் போட்டார். கூடம் பார்க்க வந்தவருக்குக் கிட்டார் பிடித்துப்போயிற்று. தனியாக வர மாட்டேன், ஸ்டீவியும் வருவார் என்றார் பக்கிங்ஹாம். இருவரும் குழுவில் சேர்ந்தார்கள். மற்றது எல்லோரும் அறிந்த கதை.

'லேண்ட்ஸ்லைட்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். நிக்ஸ் எழுதியது. அதில் அவர் குரலும் பக்கிங்ஹாமின் கிட்டாருமே கிட்டத்தட்ட எல்லாம். கட்டைவிரல் கீழ்ச்சுருதித் தந்திகளில் நடை போடுகிறது, மற்ற விரல்கள் மேலே மெல்லச் சிந்திக்கொண்டே வருகின்றன. குரல் மூச்சு வாங்கும் இடத்தில் கிட்டார் ஓரடி முன்னே வருகிறது. குரல் திரும்பியதும் விலகிக்கொள்கிறது. நம் கச்சேரிகளில் நல்ல வயலின்காரர் பாடகருக்கு இடம் விடுவாரே, அந்த இங்கிதம்.

'ட்ரீம்ஸ்' வேறு வகைச் சவால். சாஸலிட்டோவின் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோவில், கூடத்தின் இன்னோர் அறையில் உட்கார்ந்து நிக்ஸ் பத்து நிமிடத்தில் எழுதிய பாட்டு அது. தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய இரண்டே கார்டு (சுரக்கூட்டு), மாறி மாறி. முதலில் கேட்ட, குழுவின் கீபோர்டு கலைஞரும் பாடகியுமான கிறிஸ்டின் மெக்வீக்கு அது சலிப்பூட்டியது. ஒரே அடித்தளத்தின் மேல் மூன்று வெவ்வேறு பகுதிகள் இருப்பதுபோல் தோன்றச் செய்தவர் பக்கிங்ஹாம். வால்யூம் பெடலை அழுத்தி விடும்போது எழுந்து மறைகிற கிட்டார், ஓர் இடத்தில் மட்டும் வந்து போகும் குரல் அடுக்கு, அவ்வளவுதான். அமெரிக்காவில் அந்தக் குழு முதலிடம் பிடித்த ஒரே சிங்கிள் அது. பிரிந்துபோகிறவள் தன்னைப் பற்றி எழுதிய பாட்டுக்கு அவர் இப்படி உழைத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

உடனே அவரை மகானாக்கிவிடவும் வேண்டாம். 'கோ யுவர் ஓன் வே' பாட்டில் தன்னைச் சாடும் ஒரு வரியை எடுத்துவிடும்படி நிக்ஸ் கேட்டார், பக்கிங்ஹாம் மறுத்தார். அதற்குப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டு பல வருடம் மேடையில் நின்றவரும் அதே நிக்ஸ்தான். அவர் எழுதிய 'சில்வர் ஸ்ப்ரிங்ஸ்' ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் 'கோ யுவர் ஓன் வே' சிங்கிளின் பின்பக்கத்துக்குப் போயிற்று. 'ரூமர்ஸ்' ஆல்பத்தின் 11 பாட்டுகளில் பக்கிங்ஹாம் தனியாக எழுதியவை 3. கிறிஸ்டினுடையவை 4, நிக்ஸுடையவை 3. ஐந்து பேரின் பெயரும் இருப்பது 'தி செயின்' ஒன்றில்தான். வெவ்வேறு துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்தது அது. கென் கெய்லாட், ரிச்சர்ட் டாஷட் இருவரும் குழுவோடு சேர்ந்து புரொட்யூசர்கள். ஆகவே எல்லாப் புகழையும் இவர் தலையில் கட்டுவது மற்றவர்களுக்கு அநியாயம்.

ஆனால் காது யாருடையது என்பது தெரிகிறது. 'நெவர் கோயிங் பேக் அகெயின்' பதிவின்போது, புதுத் தந்தியின் மினுமினுப்பு விரல் பட்டுச் சீக்கிரம் மங்கிவிடுகிறது என்று கண்டார்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கிட்டாருக்குத் தந்தி மாற்றினார்கள். இரண்டேகால் நிமிடம்கூட ஓடாத பாட்டு! தந்தி மாற்றிய உதவியாளர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மேலே மேலே பதிவு ஏற்றி, திரும்பத் திரும்ப ஓட்டியதில் மூல டேப்பே தேய்ந்து, உச்ச ஓசைகள் கரையத் தொடங்கின. கடைசியில் அதிகம் ஓடாத இன்னொரு டேப்போடு வேகத்தைக் கையால் பொருத்திக் காப்பாற்றினார்கள்.

'ரூமர்ஸ்' அவ்வளவு விற்றபின் யாராக இருந்தாலும் அதே சமையலை மறுபடி இறக்கியிருப்பார்கள். 1979 அக்டோபரில் வந்த 'டஸ்க்' இரட்டை ஆல்பம்; 20 பாட்டு, அதில் 9 பக்கிங்ஹாமுடையவை. பங்க், நியூ வேவ் என்ற புதிய ராக் பாணிகள் அவரைத் தூங்கவிடவில்லை. வீட்டிலேயே தனியாகப் பதிவு செய்தார், டிரம்ஸுக்குப் பதில் டிஷ்யூ பெட்டியைத் தட்டினார், குளியலறையில் பாடினார், தரையில் மைக்கை ஒட்டி, தண்டால் எடுக்கும் நிலையில் பாடினார் என்று கெய்லாட் சொல்லியிருக்கிறார். தலைப்புப் பாட்டுக்காகத் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு பேண்டை, காலியான டாட்ஜர் ஸ்டேடியத்தில் 1979 ஜூனில் பதிவு செய்தார்கள். பேஸ் வாசிப்பவரான ஜான் மெக்வீ அன்று ஊரில் இல்லை. அவருடைய ஆளுயர அட்டைப்படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

செலவு 10 லட்சம் டாலருக்கு மேல். விற்பனை 'ரூமர்ஸ்' பக்கத்தில்கூட வரவில்லை. என் கணிப்பில் அவருடைய உச்சம் இதுதான். 'தி லெட்ஜ்' பாட்டில் எல்லாம் முரட்டுத்தனமாக, வேண்டுமென்றே அரைகுறையாக ஒலிக்கிறது; அடுத்து வரும் நிக்ஸின் பாட்டோ கிறிஸ்டினின் பாட்டோ பட்டுப்போல் வழுக்குகிறது. இரண்டையும் செய்தது ஒரே காது. ஆல்பத்தின் உறையில் புரொட்யூசர் என்ற இடத்தில் குழுவின் பெயர், கெய்லாட், டாஷட். நடுவே அடைப்புக்குறிக்குள், லிண்ட்சி பக்கிங்ஹாமுக்குக் குழுவின் சிறப்பு நன்றி. கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில் பெயர் போடுவதுபோல. ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் செய்த வேலைக்கு அந்த நேரத்தில் கிடைத்த பெயர் அதுதான்.

வெளி ஆட்களுக்குச் செய்தது குறைவு, ஆனால் ருசியானது. வால்ட்டர் ஈகனின் 'மேக்னட் அண்ட் ஸ்டீல்' 1978இல் அமெரிக்காவில் எட்டாம் இடம் வரை போனது. அதன் தயாரிப்பில் இவர் கை உண்டு. மறு வருடம் ஜான் ஸ்டுவர்ட்டின் ஆல்பத்தில் கிட்டார் வாசித்துப் பாடினார். ஸ்டுவர்ட் யார் தெரியுமா? கிங்ஸ்டன் ட்ரையோவில் இருந்தவர். பக்கிங்ஹாம் பையனாக இருந்தபோது எந்தக் குழுவின் இசைத்தட்டைத் தேய்த்துக் கற்றாரோ, அந்தக் குழுவின் ஆள் இப்போது இவருடைய வாசிப்பைக் கேட்டு வந்து நின்றார்.

பாட்டெழுதுபவராக அவரை எங்கே வைப்பது? சொற்களை மட்டும் காகிதத்தில் எடுத்து வைத்தால் நிக்ஸ் முன்னால் நிற்க முடியாது. நிக்ஸிடம் படிமம் உண்டு, கதை உண்டு. பக்கிங்ஹாமின் வரிகள் குட்டையானவை. குற்றச்சாட்டும் பயமும் திரும்பத் திரும்ப வரும். ஆனால் அவர் காகிதத்தில் எழுதுகிறவர் அல்லர், டேப்பில் எழுதுகிறவர். தனியாக வேலை செய்வதை ஓவியம் தீட்டுவதற்கும், குழுவோடு செய்வதைச் சினிமா எடுப்பதற்கும் பல பேட்டிகளில் ஒப்பிட்டிருக்கிறார். அவருடைய சோலோ ஆல்பங்களில் ஓவியம் சில நேரம் திகட்டிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1984இன் 'கோ இன்சேன்' ஆல்பத்தில் ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவியின் பூச்சு அதிகம். தடுக்க ஆள் இல்லாத வீட்டில் சமைத்த விருந்து அது.

1987இல் 'டேங்கோ இன் தி நைட்'. தன்னுடைய சோலோ ஆல்பமாகத் தொடங்கியதைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, பெரும்பகுதியைத் தன் வீட்டு ஸ்டூடியோவிலேயே முடித்தார். நிக்ஸ் வந்துபோன நாட்கள் கொஞ்சம். கிடைத்த துணுக்குகளை ஒட்டித்தான் அவர் குரலை உருவாக்க வேண்டியிருந்தது. கிட்டாரை டேப்பின் வேகத்தைக் குறைத்து வாசித்துப் பதிவு செய்து, வழக்கமான வேகத்தில் ஓட்டினால் அது மணி குலுங்குவதுபோல் கேட்கும். அந்த வித்தை இந்த ஆல்பம் முழுக்க உண்டு. 'பிக் லவ்' பாட்டில் ஆணும் பெண்ணும் மாறி மாறி மூச்சுவிடுவதுபோல் வருமே, அந்தப் பெண்ணும் இவர்தான். தன் குரலையே மாற்றிப் போட்டது.

ஆல்பம் வந்த சில மாதத்தில் குழுவைவிட்டு விலகினார். அவர் இடத்துக்கு இரண்டு பேரை எடுத்தார்கள்: பில்லி பர்னெட், ரிக் வீட்டோ. பிறகு திரும்பி வந்தார். 2018இல் குழு அவரை வெளியேற்றியபோதும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்: மைக் கேம்ப்பெல், நீல் ஃபின். நூறாவது இடம் கொடுத்த பட்டியலைவிட இந்தக் கணக்கு எனக்கு நம்பகமாகப் படுகிறது.

1997இல் பழைய ஐவரும் கூடிய 'தி டான்ஸ்' நிகழ்ச்சியின் பதிவு கிடைக்கிறது. அதில் 'பிக் லவ்' உண்டு. ஃபேர்லைட் இல்லை, வேகம் மாற்றிய டேப் இல்லை, பெண்குரல் இல்லை. ஒரு கிட்டாரோடு அவர் மட்டும். கட்டைவிரல் அடித்தந்தியில் ஓடத் தொடங்குகிறது. அது டிரம்ஸும் பேஸும். மற்ற விரல்கள் பழைய கீபோர்டு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. வீட்டு ஸ்டூடியோவில் அடுக்கடுக்காக ஏற்றியவற்றில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று விரல்களுக்குத் தெரிந்திருக்கிறது. முடிக்கும்போது கத்துகிறார். கையில் இன்னும் பிக் கிடையாது.