அங்கவடி இல்லாத குதிரை

ஏற்காட்டில் லேடீஸ் சீட் பாறையருகே நின்று கீழே பார்த்தால் சேலத்துச் சமவெளி விரிந்து கிடக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் எனக்குச் சென்னைத் தீவுத்திடலருகே உள்ள மன்றோ சிலை நினைவுக்கு வரும். இந்தச் சீமையில் நிலவரி வகுத்தவர்களில் ஒருவர் அல்லவா அவர்!

சான்ட்ரி என்ற ஆங்கிலச் சிற்பி செய்த வெண்கலச் சிலை அது; 1839-ல் நிறுவினார்கள். குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார், பிறகு மனமுடைந்து உயிரை விட்டார் என்று ஒரு கதை உண்டு. ரசமான கதை, உண்மையல்ல. லண்டனில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலைக்கும் அங்கவடி கிடையாது. மன்னர் விஷயத்திலுமா மறதி? ரோமாபுரியில் மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தி அப்படித்தான் குதிரைமேல் வீற்றிருக்கிறார். அந்தக் கம்பீரத்தைத்தான் சிற்பி இரவல் வாங்கினார்.

யாருக்காக? மன்றோ, கிளாஸ்கோவில் நொடித்துப்போன ஒரு வியாபாரியின் மகன். 1780-ல் சாதாரணக் காலாட்படைப் பயிற்சி வீரராகச் சென்னையில் வந்திறங்கியவர். கவர்னராக இருந்து 1827-ல் காலராவில் மாண்டார். நொடித்த வீட்டுப் பிள்ளையைச் சக்கரவர்த்திகளின் வரிசையில் சேர்க்க ஒரு குதிரை போதுமாக இருந்தது.

சிற்பத்தின் அழகில் எனக்குக் குறை இல்லை. என் குறை வேறு. 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்ததும், கேப்டன் ரீடின் கீழ் ஏழு வருஷம் இங்கே உழைத்தவர் மன்றோ. குடியானவனோடு நேரே கணக்குப் பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் முளைவிட்டது. தருமபுரியில் தோட்டம் போட்டு, அதைப் பிரிய நேர்ந்தபோது வருந்திக் கடிதம் எழுதியவரும் அவரே. அந்த மனிதரைச் சிலையில் தேடினேன், காணவில்லை.

அதே நூற்றாண்டில் தஞ்சாவூர் ஓவியர்கள் துரைமார்களுக்காகச் சிப்பாயையும் அவன் மனைவியையும் ஜோடியாக எழுதி விற்றார்கள். உடுப்பின் பொத்தான் வரை தெரியும், பெயர் தெரியாது. தளபதிக்குப் பெயர், சிப்பாய்க்கு உடுப்பு: அக்காலத்து அந்தஸ்தின் பங்கீடு அவ்வளவுதான்.

ஆனாலும் சிப்பாயின் பக்கத்தில் மனைவி நிற்கிறாள். குதிரைமேல் இருப்பவருக்குத் துணை யாருமில்லை. கதை எழுதுகிற என்னைக் கேட்டால், அந்தப் பெயரில்லாத ஜோடியிடம்தான் முதலில் போய்ப் பேச்சுக் கொடுப்பேன்.