ஒரே சஹனில் உள்நாடும் வெளிநாடும்

சென்னையின் உணவகங்களைப் பற்றி எழுதுவோர் அவற்றை இரு பெரும் பிரிவுகளாகப் பகுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சீனம், தாய்லாந்து, இத்தாலி, மலேசியா, அரபகம் என்பன வெளிநாட்டு வகை; செட்டிநாடு, கொங்கு, ஆம்பூர், திண்டுக்கல் என்பன உள்நாட்டு வகை. இரண்டும் ஒரே சாலையில் அடுத்தடுத்து அமைந்திருப்பதே நகரம் உலகத்தோடு கலந்துவிட்டதற்குச் சான்று என அவர்கள் மகிழ்கின்றனர். பன்மை வரவேற்கத்தக்கதே. ஆனால் இப்பகுப்பின் அளவுகோல் எது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது.

நகரத்தை விட்டு விலகி நின்று நோக்கும்போது இவ்வினா கூர்மை பெறுகிறது. போடிநாயக்கனூரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ராசிங்காபுரம் இருக்கிறது. மலையேறிக் கேரள எல்லையைக் கடந்தால் ஏலத்தோட்டங்கள். அங்கு விளையும் காய் போடி வணிகர்களின் கைக்கு வந்து, தரம் பிரிக்கப்பட்டு, வட இந்தியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கிறது. சவூதி இல்லங்களில் விருந்தினர்க்கு முதலில் அளிக்கப்படும் கஹ்வாவின் மணம் ஏலத்தின் மணமே. இன்று உலகச் சந்தையில் குவாத்தமாலா நாட்டின் ஏலக்காய் பெருகிக் கிடக்கிறது. எனினும் அச்செடியின் தாயகம் நம் மலைகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது அங்கே குடியேறியது. ஆகவே சென்னையில் 'அரபு உணவு' என்று பரிமாறப்படும் சோற்றின் மணம் தேனி மாவட்டத்தின் வழியாக வந்ததாகவும் இருக்கலாம். அப்போது அது உள்நாட்டதா, வெளிநாட்டதா?

உணவும் செடியைப் போலவே குடிபெயர்வது. இதற்கு நம் சமுதாய வரலாற்றிலேயே தெளிவான சான்று பினாங்கு. அங்குப் புகழ்பெற்ற 'நாசி கந்தர்' தமிழ் முஸ்லிம்களின் ஆக்கம். கந்தர் என்பது தோளில் சுமக்கும் காவடித் தண்டைக் குறிக்கும் மலாய்ச் சொல். தண்டின் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளரிடையே நம்மவர் விற்றுத் திரிந்ததன் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. ஜார்ஜ் டவுன் நகரின் ஹமீதியா உணவகம் 1907 முதல் இம்மரபைப் பேணிவருகிறது. மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை 2024-இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அப்பண்பாட்டின் அடையாளங்களுள் ஒன்றான ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் உறவுதான். அங்கு மண்ணின் உணவாகிவிட்ட இவை, சென்னையின் மலேசிய உணவகங்களுக்கு வந்ததும் வெளிநாட்டுப் பண்டங்களாகி உயர்ந்த விலையில் விற்பனையாகின்றன.

இதற்கு நேர்மாறானது அத்தோ. 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி அமைந்தபின் உடைமைகளை இழந்து திரும்பிய தமிழர்கள், சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே தள்ளுவண்டிகளில் அதனைப் பிசைந்து விற்றனர். இன்றும் அங்கு அது கிடைக்கிறது. பிறந்த நாட்டைப் பார்த்தால் அத்தோ அயல்நாட்டு உணவே. ஆனால் குளிரூட்டப்பட்ட கூடமும் அச்சிட்ட உணவுப்பட்டியலும் அதற்கு இல்லை. ஆதலால் தெருவோரத் தீனியாக மட்டுமே எண்ணப்படுகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். உணவு கடந்துவந்த தொலைவை இப்பகுப்பு அளப்பதில்லை; அதை உண்பவரின் பணப்பையையே அளக்கிறது.

இக்குறையை நகரத்தார் மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட இயலாது. யமனின் ஹளரமௌத்தைச் சேர்ந்த 'மந்தி' கேரளத்தின் வழியாகக் குழிமந்தியாகித் தமிழகத்தில் பரவியிருக்கிறது. சுவையான உணவு, அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் ஒரே பெரிய தட்டைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்பதை ஓர் அரபகப் புதுமையாக நம் இளைஞர்கள் வியப்பதுதான் கவலையளிக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் திருமண விருந்துகளில் தலைமுறை தலைமுறையாக சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டவர்கள் நாம். சஹன் என்னும் சொல்லே அரபுச் சொல்தான். கடல்வழி வந்த உறவைத் தன்மயமாக்கி, நெய்ச்சோறும் களறிக் கறியும் அதில் படைத்தது நம் மரபு. இன்று அதே உறவைப் பெயர்ப்பலகையில் விலைக்கு வாங்கி, வீட்டிலிருந்ததை மறந்துகொண்டிருக்கிறோம். வட்டலப்பமும் தொதலும் இடியாப்ப பிரியாணியும் எத்தனை உணவகங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன? இவற்றைக் காத்தவர்கள் ஏட்டில் எழுதிவைக்காத பெண்கள். அவர்களின் நினைவோடு இக்கலையும் மறையுமானால், அரபுப் பலகை எதுவும் அதனை மீட்டுத் தராது.

இறுதியாக ஒன்று. உணவகத்தின் வாயிலில் நாம் தேடும் சொல் ஹலால். அதனோடு இணைத்தே கூறப்படும் தய்யிப் என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் தேடுவதில்லை. தூய்மையும் நன்மையும் ஒருங்கே உணர்த்தும் அச்சொல்லை, பொருள் வந்த வழிக்கும் விரித்துக் காண்பது தகும். ஏலச்செடியில் காய்கள் தலைக்கு மேலே தொங்குவதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்க்கின்றன. முதிர்ந்ததை மட்டும் தெரிந்து எடுக்க வேண்டியிருப்பதால், அதே செடியிடம் பருவம் முழுவதும் பலமுறை குனிய வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகிறது. அக்காயைப் பறிக்க விடியலில் ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து மலையேறும் பெண்கள், தேனி மாவட்டத்து அடிவார ஊர்களைச் சேர்ந்தவர்கள். பிரியாணியில் பல்லில் இடறும் ஏலக்காயை நாம் எடுத்து இலையோரம் ஒதுக்கிவிடுகிறோம். நகர உணவகங்களைப் பற்றிய நம் எழுத்தும் அப்பெண்களை அவ்வாறே ஒதுக்கிவைத்திருக்கிறது. எந்த நாட்டு உணவு என்று கேட்பதோடு, எவர் கைவழி வந்த உணவு என்றும் கேட்கப் பழகினால் இக்குறை நீங்கத் தொடங்கும்.