மேலாண்மைக் கோட்பாடுகளும் தறிக்கூடத்து அஜீரும்

மேலாண்மைக் கல்வி நம் கல்லூரிகளில் பரவலாகிவிட்டது. அத்துறையின் பாடநூல்கள் தம் வரலாற்றை ஒரு படிக்கட்டாகவே வரைந்து காட்டுகின்றன. முதற்படியில் டெய்லர், அடுத்து ஃபயோலும் வெபரும், அதற்கு மேல் ஹாதார்ன் ஆய்வுகளும் எல்டன் மேயோவும், பின்னர் மாஸ்லோ, மெக்கிரிகர் முதலியோர். தொழிலாளியை இயந்திரத்தின் ஓர் உறுப்பாகக் கருதியவர்கள், காலப்போக்கில் அவரை மனிதராகக் கண்டுகொண்டார்கள் என்பதே இக்கதையின் சாரம். இதனை நாம் ஐயுறுகிறோம். சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடங்களை அறிந்தோர்க்கு அந்த ஐயம் எழாமல் இராது.

அவ்வூரில் சேலை நெய்யும் தொழிலாளிக்கு நெய்த அளவுக்கே கூலி. நூலைத் தருபவர் ஒருவர், தறிக்கு உரியவர் ஒருவர், தறியை ஓட்டுபவர் மற்றொருவர் என்ற ஏற்பாடு பரவலாக உண்டு. கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தங்கள் பலமுறை நிகழ்ந்துள்ளன. பேச்சுவார்த்தைக்குப் பின் ஒப்பந்தம் எழுதப்படுகிறது. அண்மையிலுள்ள கடையநல்லூரிலும், சற்றுத் தொலைவில் மேலப்பாளையத்திலும் நம் சமுதாயத்தவர் தலைமுறைகளாக நெசவால் வாழ்ந்தவர்கள். ஆகவே இது நமக்கு அயலார் விவகாரமன்று.

டெய்லரின் நூல் 1911இல் வெளிவந்தது. பெத்லஹேம் இரும்பாலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்த தொழிலாளியின் கதை அதில் புகழ்பெற்றது. நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் சுமந்தவர் நாற்பத்தேழு டன்னுக்கு மேல் சுமந்தார், கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. ஏறத்தாழ நான்கு மடங்கு உழைப்புக்கு அறுபது விழுக்காடு கூடுதல் கூலி. (அக்கதையில் மிகையும் கற்பனையும் கலந்துள்ளன எனப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர்.) டெய்லரைக் கடிந்துரைப்பது எளிது. எனினும் அவர் நிர்வாகத்தின் மீதும் ஒரு கடமையைச் சுமத்தினார் என்பதை மறத்தலாகாது. கருவியும் மூலப்பொருளும் உரிய நேரத்தில் தொழிலாளியின் கைக்கு வந்து சேரவேண்டும். அவர் வீணே காத்திருக்க நேர்ந்தால் அது திட்டமிட்டவரின் குற்றம் என்பது அவர் கொள்கை. அளவுக்குக் கூலி என்னும் முறை டெய்லருக்கு மிக முந்தியது. அதனோடு அவர் இணைத்த இந்தக் கடமை நம் தறிக்கூடங்களை இன்னும் வந்தடையவில்லை. நூல் வராத நாளும் மின்சாரம் நின்ற மணிநேரமும் ஓட்டுபவரின் இழப்பாகவே கழிகின்றன.

ஹாதார்ன் ஆய்வுகள் (1924–1932) பற்றி ஒன்று மட்டும் சொல்லிக் கடப்போம். தொழிலாளியின் மீது அக்கறை காட்டினால் உற்பத்தி பெருகும் என்று அவை மெய்ப்பித்ததாகக் கற்பிக்கப்படுகிறது. சோதனை அறையில் 1927இல் அமர்த்தப்பட்ட ஐந்து பெண்களுள் இருவர், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928இன் தொடக்கத்தில் அகற்றப்பட்டு, வேறு இருவர் அமர்த்தப்பட்டதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இவ்வரலாற்றில் நம் மண்ணுக்குரிய அத்தியாயம் ஒன்றுண்டு. அது அகமதாபாத்தில் எழுதப்பட்டது. சாராபாய் குடும்பத்தின் காலிகோ ஆலை 1952இல் தானியங்கித் தறிகளை நிறுவியது. பொறியாளர் வகுத்த கணக்குப்படி 224 தறிகளில் 29 பேர் அமர்த்தப்பட்டனர். முறிந்த இழையை இணைப்பவர், ஊடை மாற்றுபவர், எண்ணெய் இடுபவர் எனப் பன்னிரண்டு வகை வேலைகளாக அவர்கள் பிரிந்து நின்றனர். ஒருவருடைய வேலை மற்றவருடையதைச் சார்ந்திருந்தது; ஆனால் அவர்களைப் பிணைக்கும் அமைப்பு எதுவுமில்லை. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் 1953இல் அங்கு வந்து, தறிகளைத் தொகுதிகளாக்கி ஒவ்வொன்றையும் ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். அதனைச் செயலாக்கியவர்கள் தொழிலாளரும் மேற்பார்வையாளருமே; தம் குழுக்களைத் தாமே சேர்த்துக்கொண்டார்கள். நெசவின் திறன் உயர்ந்தது. பழுதுத் துணி குறைந்தது. எரிக் மில்லர் 1970இல் மீண்டும் சென்று பார்த்தபோது, சோதனை நடந்த சாதாரணத் தறிக்கூடம் ஒன்றில் குழுமுறை பெரிதும் மாறாமல் நிலைத்திருந்தது; தானியங்கிக் கூடத்திலோ அது தேய்ந்து போயிருந்தது. குழு பிழைப்பதும் தேய்வதும் இறுதியில் நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது என்று நாம் இதனைப் படிக்கிறோம். அகமதாபாத் ஆலைகளில் நூற்புப் பிரிவில் தலித்துகளும் நெசவுப் பிரிவில் முஸ்லிம்களும் சாதி இந்துக்களும் மிகுந்திருந்தனர். யார் யாரோடு குழு சேர்வர் என்னும் கேள்விக்கு அங்கே தனிப்பொருள் உண்டு. பாடநூல்கள் இந்த இடத்தையும் தொடாமல் விடுகின்றன.

இனி நம்மவர் நூல்களுக்கு வருவோம். ‘இஸ்லாமிய மேலாண்மை’ என்ற தலைப்பில் வருவனவற்றுள் பெரும்பாலானவை, மேற்கத்தியப் பாடநூலின் ஒவ்வோர் இயலுக்கும் ஓர் ஆயத்தையும் ஒரு ஹதீஸையும் பொருத்திவிட்டு அமைந்துவிடுகின்றன. ஷூரா என்றால் பங்கேற்பு நிர்வாகம். அமானத் என்றால் தொழில் ஒழுக்கம். தொழிலாளியை ஊக்குவித்து அதிகம் பெறுவது எப்படி என்னும் மேலாளரின் கேள்வி இங்கும் அப்படியே இருக்கிறது. உடை மட்டும் மாறியிருக்கிறது.

நம் மரபு கேட்ட கேள்வி வேறு. இப்னு கல்தூன் 1377இல் முடித்த முகத்திமாவில், தனிமனிதன் ஒருநாள் உணவையும் தனித்து ஈட்ட இயலாது என்பதிலிருந்து உழைப்புப் பகிர்வை விளக்குகிறார். அதனை மட்டும் எடுத்துக்கொண்டு ஆடம் ஸ்மித்துக்கு முன்னோடி என்று பெருமைப்படுகிறோம். மக்களின் உழைப்பை உரிய ஈடின்றிப் பறிப்பது நாகரிகத்தையே அழிக்கும் கொடுமை என்று அதே நூலில் அவர் வாதிடும் பகுதியை எவரும் மேற்கோள் காட்டக் காணோம்.

இமாம் மாவர்தீ (மறைவு ஹிஜ்ரி 450) ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வின் ஹிஸ்பா பற்றிய இயலில் இன்னும் திட்டவட்டமாகப் பேசுகிறார். அமர்த்தியவர் கூலியைக் குறைத்தாலோ வேலையைக் கூட்டினாலோ முஹ்தசிப் தடுக்கவேண்டும். வேலையாள் வேலையைக் குறைத்தாலோ கூலியைக் கூட்டிக் கேட்டாலோ அவரையும் தடுக்கவேண்டும். இங்கே எவரையும் ஊக்குவிக்கும் பேச்சில்லை. இருவருக்கும் வெளியே நின்று, ஒப்பந்தத்தின் எல்லையைக் காக்கும் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். டெய்லர் முதல் மெக்கிரிகர் வரை அந்த மூன்றாமவருக்குக் கோட்பாட்டில் இடமில்லை.

ஃபிக்ஹு நூல்களின் இஜாரா பகுதி நமக்கு மேலும் கூரிய கருவி ஒன்றைத் தருகிறது. அஜீர் முஷ்தரக் எனப்படுபவர் தையற்காரரைப் போலப் பலருக்கும் வேலை செய்பவர். முடித்த வேலைக்கே கூலி பெறுவார். அஜீர் காஸ் தம் நேரத்தை ஒருவருக்கே ஒப்படைத்தவர். வேலைக்கு ஆயத்தமாக வந்து நின்றாலே கூலிக்கு உரியவராகிறார், வேலை தரப்படாவிட்டாலும்.

சங்கரன்கோவில் நெசவாளி இவ்விருவருள் யார்? தறி அவருடையதன்று, கூடமும் அவருடையதன்று. வரும் நேரமும் போகும் நேரமும் பிறர் வகுத்தவை. அந்நேரத்தில் வேறொருவருக்கு அவர் நெய்ய முடியாது. இவற்றால் அவர் அஜீர் காஸ். கூலி வாங்கும் நாளில் மட்டும் அவர் அஜீர் முஷ்தரக் ஆக்கப்படுகிறார். அளவுக்குக் கூலி பேசுவதே கூடாது என்பது நம் வாதமன்று. ஃபுகஹாக்கள் அதனை அனுமதித்தே உள்ளனர். தறி நின்ற நேரத்தை யார் ஏற்பது என்பதே நம் கேள்வி. ஒப்பந்தப் பேச்சு கூலி உயர்வின் விழுக்காட்டைச் சுற்றியே நடக்கும்போது இக்கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. அடுத்த கூலி ஒப்பந்தம் பேசப்படுமுன், இஜாரா அத்தியாயத்தை ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கும் நம் மதரஸாக்களின் ஆலிம்கள் இதற்குத் தமிழில் ஒரு விடை எழுதித் தருவார்களானால், தொழிற்சங்கத்தாரும் தறி உரிமையாளரும் அதனை எதிரே வைத்துக்கொண்டு பேசலாம்.