வினைமுதல் இல்லாத தொட்டில்

1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பெருங்கருணை என்றே மேடைகள் பேசிவருகின்றன. கள்ளிப்பாலிலிருந்து தப்பிய ஒவ்வோர் உயிரும் பெரிதுதான். ஆனால் அத்திட்டத்தை ஒரு பிரதியாக வாசித்தால், அதில் தாய் எங்கே இருக்கிறாள் என்ற கேள்வி எழுகிறது.

மேட்டூர், ஓமலூர் பக்கத்து வீடுகளில் தொட்டில் என்பது அம்மாவின் பழைய சேலை. அரசு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது; சேலைக்காரியை வெளியே நிறுத்தியது. குழந்தை கைவிடப்பட்டது, குழந்தை மீட்கப்பட்டது என்றே செய்திகள் வருகின்றன. அந்த வாக்கியங்களில் வினைமுதல் இல்லை. கைவிட்டது யார் என்று கேட்டால் எல்லா விரல்களும் தாயை நோக்கும். ஆண் வாரிசு கேட்ட கணவன் வீடு, வரதட்சணை கேட்ட சம்பந்திகள், பெண்ணுக்குப் பாதிக் கூலி கொடுத்த தோட்டக்காரர் எவரும் அந்த வாக்கியத்துக்குள் வருவதில்லை.

அதே 1992இல் வந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். பெண் குழந்தையின் பெயரில் அரசு வைப்புத்தொகை போடும். ஆனால் ஆண் பிள்ளை இருக்கக் கூடாது. இரண்டு பெண்களோடு நிறுத்திப் பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும். கத்தி யார் வயிற்றில் படும் என்பது நமக்குத் தெரியும். அடுத்தடுத்துப் பிறக்கும் பெண்ணுக்குத்தான் ஆபத்து அதிகம். மூன்றாவதாக வந்தவளுக்கு வைப்புத்தொகை இல்லை, தொட்டில் உண்டு. வளர்க்க உதவி கேட்பவளுக்கு நிபந்தனை. கொடுத்துவிட்டுப் போகிறவளிடம் ஒரு கேள்வியும் இல்லை.

1991 கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் 0-6 வயதில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள், 2001இல் 851. தொட்டில் குழந்தைகளை ஏந்தியது. பெண் வேண்டாமென்ற வீடுகளை அசைக்கவில்லை.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோருக்கு ஆலோசனையும் மனம் மாற இரண்டு மாத அவகாசமும் தருகிறது. பெயர் சொல்லாமல் இருட்டில் வைத்துவிட்டுப் போகிறவளிடம் அந்த ஆலோசனை எப்படிப் போய்ச் சேரும்? சேர்ந்தாலும், அறுபது நாளில் மாறக்கூடியது அவள் மனம் மட்டும்தான். அவள் கூலி மாறாது, வீடு மாறாது.

குழந்தையைக் காப்பதும் தாயைக் காப்பதும் இரண்டு வேலைகள் அல்ல. மூன்றாவது பெண்ணைப் பெற்றுப் பிரசவ வார்டில் கிடப்பவளிடம், “கொடுத்துடறியாம்மா?” என்று கேட்கும் முன், “நீயே வெச்சுக்க என்னம்மா வேணும்?” என்று கேட்கிற திட்டமே பெண்ணின் பக்கம் நிற்கும் திட்டம். அவள் சொல்லும் பதிலுக்குப் பணம் ஒதுக்க வேண்டியது அரசின் கடமை.