திரி, கல், கேப்பு

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகிற சாலையில் ஒரு காலத்தில் குண்டு பறந்தது என்பது கிரிவலம் வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. 1767 செப்டம்பர் தொடக்கத்தில் செங்கம் கணவாயில் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை மறித்தார்கள். ஸ்மித் அந்த மறிப்பை முறியடித்துவிட்டு, படைக்குத் தானியம் தேடித் திருவண்ணாமலைக்கு வந்தார். அந்த மாதக் கடைசியில் இந்த ஊர்ப்பக்கத்திலேயே மறுபடி சண்டை மூண்டது, கூட்டுப்படை பின்வாங்கியது.

வெற்றி தோல்வி வரலாற்றாசிரியர்கள் பாடு. பழைய துப்பாக்கிகளில் மனம் பறிகொடுத்தவர்கள் அந்தச் சண்டையில் பார்ப்பது, இரண்டு தலைமுறைத் துப்பாக்கிகள் ஒரே வெளியில் நின்றதை. கும்பினிச் சிப்பாய்களிடம் இருந்தது சக்கிமுக்கிக் கல்லில் பொறி கிளம்பும் துப்பாக்கி. எதிர்த்தரப்பில் அதுவும் இருந்தது, அதற்கும் முந்தைய திரித் துப்பாக்கியும் இருந்தது.

திரித் துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் அழகு பிடிபடும். மிக நீண்ட குழல். அதை மெல்லிய கட்டையோடு சேர்த்துப் பிடித்திருப்பது தோல்வாரோ பித்தளைக் கம்பிச் சுற்றோ. குழலின் வாய் சிலவற்றில் மொட்டாக விரியும், சிலவற்றில் விலங்கு முகமாகத் திறக்கும். பக்கத்தில் வெடிமருந்து வைக்க ஒரு சின்னக் கிண்ணி, அதற்கு ஒதுக்கித் திறக்கும் மூடி. கிண்ணியின் நெருப்பு குழலுக்குள் போகும் துளையான பற்றுவாயில் கரி அடைத்துக்கொண்டால் குத்தி எடுக்க, சங்கிலியில் கட்டிய ஓர் ஊசி. வெடியுப்பில் ஊறிய கயிற்றுத் திரி ஊதுவத்தி போலச் சுடர் இல்லாமல் கனன்றுகொண்டிருக்கும். விசையை அழுத்த அழுத்த, திரியைக் கவ்விய வளைந்த கை மெதுவாக இறங்கிக் கிண்ணியைத் தொடும். நெருப்பைப் பாயவைக்கும் வில் கம்பி கிடையாது, பல்சக்கரம் கிடையாது. விரல் எவ்வளவு நகர்கிறதோ, நெருப்பும் அவ்வளவுதான் நகரும். ஊர்க் கொல்லர் ஒருவரே செய்யவும் செப்பனிடவும் முடிந்த இயந்திரம் அது. இத்தனை குறைந்த உறுப்புகளில் இத்தனை நிதானமான வேலையைச் செய்யும் பொருள் ஆயுத வரலாற்றில் அபூர்வம்.

கல் துப்பாக்கியில் அந்த நிதானம் இல்லை. கல்லைக் கவ்விய ‘குதிரை’ என்ற கை பாய்ந்து எஃகுத் தகட்டில் கல்லை உரசுகிறது, பொறி கிண்ணியில் விழுகிறது, கிண்ணி பற்றி அந்த நெருப்பு பற்றுவாய் வழியாக உள்ளே போகிறது. கண்ணெதிரே ஒரு பளிச், அதற்கு ஒரு கணம் தள்ளி வெடி. அந்த ஒரு கணம் கை ஆடாமல் நிற்பதுதான் சுடுகிறவரின் திறமை. ஆங்கிலேயப் படையின் ‘பிரவுன் பெஸ்’ குழலின் உள்விட்டம் முக்கால் அங்குலம், அதாவது சுமார் 19 மில்லிமீட்டர். குண்டோ அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் சிறியது. கரி படிந்த குழலிலும் சட்டென்று இறங்கவேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டான். குறியை அதற்கு விலையாகக் கொடுத்தான்.

சேகரிப்பவர்கள் ஏங்குவது இவை இரண்டுக்கும் அடுத்து வந்த மைசூர் வேலைக்கு. ஹைதரின் மகன் திப்பு 1790-91இல் இதே திருவண்ணாமலைப் பக்கம் படையோடு வந்தபோது, ஸ்ரீரங்கப்பட்டினத்துப் பட்டறைகள் உலகத் தரத்தில் கல் துப்பாக்கி செய்துகொண்டிருந்தன. குழலிலும் கட்டையிலும் புலிவரி, புலித்தலை வடிவில் குதிரை, பொன்னிழைத்த பாரசீக எழுத்து. திப்பு வகுத்த ஆண்டுக் கணக்கின் எண்களை வலமிருந்து இடமாகப் பொறித்திருப்பார்கள். போலியைக் கண்டுபிடிக்கத் தேர்ந்த கண் முதலில் அங்கேதான் போகும். இங்கிலாந்துச் சேகரிப்பாளர் ராபின் விகிங்டன் இந்தத் துப்பாக்கிகளுக்கென்றே 1992இல் ஒரு நூல் வெளியிட்டார். 2015இல் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் திப்பு காலத்து ஆயுதத் தொகுப்பு ஒன்று சுமார் 60 லட்சம் பவுண்டுக்குப் போனது.

பழைய துப்பாக்கியை மாற்றியமைக்கும் ஆசை இன்று வந்ததில்லை. ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி கிராமத்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத்துக்குப் பறவை வேட்டையில் பிரியம். கிண்ணியின் பளிச்சைக் கண்டதும் பறவைகள் குண்டு வருமுன் விலகிவிட்டன. அதற்கு மாற்றுத் தேடி, அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கியில் புகுத்தி 1807இல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான், அந்த வகை ரசாயனத்தை அடைத்த சின்ன மூடியான கேப்பு. ஒரு பொழுதுபோக்குக்காரரின் எரிச்சல் உலகத்துப் படைகளையெல்லாம் மாற்றியது. அதன்பிறகு பல கல் துப்பாக்கிகளின் கிண்ணியை அறுத்து எடுத்துக் கேப்பு மாட்டும் முளையைத் திருகினார்கள். அப்படி மாறியவற்றின் பக்கத் தகட்டில், பழைய திருகாணித் துளைகளை அடைத்த வட்டங்கள் இன்றும் தெரியும். மாறாத மூலத்தைவிட அந்தத் தழும்புள்ள துப்பாக்கியே சுவாரசியமானது: இரண்டு காலத்தில் உழைத்த பொருள் அது.

ஜவ்வாது மலையில் அந்தக் கேப்புத் துப்பாக்கியின் வாரிசுகள் நாட்டுத் துப்பாக்கி என்ற பேரில் அண்மைக்காலம் வரை புழங்கின. உரிமம் இல்லாதவற்றை ஒப்படைக்கச் சொல்லி காவல்துறை அறிவிப்பதும், கிராமத்தார் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போவதும் இப்பகுதிச் செய்தித்தாள்களில் வந்தவை. இவற்றின் குழல் எந்தச் சோதனையையும் கண்டதில்லை. சுடுகிறவர் முகத்திலேயே வெடிக்கக்கூடும். ரசனைக்கு இங்கே இடமில்லை.

பழைய துப்பாக்கிகளைச் சுடுவதற்கென்று முறையான அரங்கமும் உலகில் உண்டு. 1971இல் அமைந்த பன்னாட்டுக் குழு ஒன்று, குழல்வாய் வழியாக வெடிமருந்து இடும் துப்பாக்கிகளுக்கு மட்டும் உலகப் போட்டி நடத்துகிறது. அசலுக்கும் நகலுக்கும் தனித்தனிப் பிரிவு. ஜப்பானியத் தீவான தானேகாஷிமாவின் பேரில் திரித் துப்பாக்கிக்கே ஒரு போட்டி. நமக்குப் பக்கத்தில் குடகில் கொடவர்கள் செப்டம்பரில் கைல்போதுத் திருநாளன்று துப்பாக்கிகளைக் கழுவிப் பூசையில் அடுக்கி, குழல்வாயில் செங்காந்தள் பூவைச் செருகுகிறார்கள். பூசை முடிந்து தேங்காயைக் குறிவைத்துச் சுடும் பந்தயம். தமிழ்நாட்டின் மாநில மலர் ஒரு துப்பாக்கியில் அத்தனை பொருத்தமாக வேறெங்கும் அமராது.

பார்த்து ரசிக்க விரும்பும் திருவண்ணாமலைக்காரர் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்துக்குப் போகலாம்; தஞ்சை அரண்மனைக் கிடங்கிலிருந்தும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் வந்தவை அங்கே இருக்கின்றன. வீட்டுப் பரணில் ஒன்று அகப்பட்டால் கதை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கு தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான். சுடக்கூடியது என்றால் எத்தனை தலைமுறைப் பழசானாலும் உரிமம் வேண்டும். உள்ளே பழைய மருந்து கெட்டித்தபடியே இருக்கலாம்; ஆகவே குழலை ஆள் பக்கம் திருப்பாமல், விசையைத் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வதே முறை. துருவைத் தேய்க்க உப்புத்தாளும் பித்தளைப் பாலிஷும் வேண்டவே வேண்டாம். செய்தவர் பேர் பெரும்பாலும் அந்தத் துருவுக்கு அடியில்தான் இருக்கும்.