ஹிட்ச்காக் அடுக்கில் தேடிய பெண்கள்

ஜெர்மன் கற்கத் தொடங்கிய காலத்தில், சிறுவர் துப்பறியும் கதைகளைப் படித்தால் மொழி சீக்கிரம் வசப்படும் என்றார் ஆசிரியை. ஷ்டுட்கார்ட் நகரில் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போய், எம். வி. கேரியின் நாவல்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். கடைக்காரருக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை. ‘மூன்று கேள்விக்குறிகள்’ என்று தொடரின் பெயரைச் சொன்னதும், “ஹிட்ச்காக்கா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே!” என்று ஓர் அடுக்கைக் காட்டினார்.

அந்த அடுக்கில் இருந்த எதையும் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் எழுதவில்லை. 1964இல் அமெரிக்காவில் ராபர்ட் ஆர்தர் தொடங்கிய தொடர் அது. விற்பனைக்காகத் திரைப்பட இயக்குநரின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். கோஸ்மோஸ் என்று இன்று அறியப்படும் ஷ்டுட்கார்ட் பதிப்பகம் 1968 முதல் அதை ஜெர்மனில் வெளியிட்டது. கதாநாயகன் ஜூப்பிட்டர் ஜோன்ஸின் பெயரை யுஸ்டுஸ் யோனாஸ் என்று மாற்றியவர்கள், அட்டையில் இருந்த ஹிட்ச்காக்கின் பெயரை மாற்றவில்லை. அவரையே ஆசிரியர் என்று நம்பி வளர்ந்த வாசகர்கள் பலர்.

அட்டையைத் தாண்டிப் போனால்தான் பெண்கள் தென்படுகிறார்கள். எம். வி. கேரி என்பவர் மேரி வர்ஜீனியா கேரி. மூலத்தொடரில் 15 நாவல்கள் அவருடையவை. எழுதியது பெண் என்பதை அந்த இரண்டு முதலெழுத்துகளும் சொல்வதில்லை. பல நூல்களை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தவர் லியோனோரே புஷெர்ட். எந்தக் கடையிலும் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டும் அந்தக் கறுப்பு அட்டைகளை வரைந்தவர் ஐகா ராஷ். 1979 முதல் இக்கதைகளை ஒலிநாடகங்களாகத் தயாரித்து இயக்கியவர் ஹைக்கெடீனே கோர்ட்டிங். அமெரிக்காவில் தொடர் நின்றுபோன பின், 1993இல் ஜெர்மனிலேயே புதிய கதைகளை எழுதத் தொடங்கியவரும் ஒரு பெண்தான்: பிரிகிட்டே யோஹானா ஹென்கெல்-வைட்ஹோஃபர்.

ஆர்தரின் பெயரும் ஹிட்ச்காக்கின் நிழலில்தான் கிடந்தது. ஆனால் தொடரின் கதையைச் சொல்பவர்கள் ‘உருவாக்கியவர்’ என்று அவரை மறவாமல் குறிப்பிடுகிறார்கள். மொழிபெயர்ப்பது, வரைவது, தொடர்ந்து எழுதுவது எல்லாம் ‘உதவி’யாகிவிடுகின்றன. வீட்டில் தினமும் நடக்கும் சமையலுக்குக் கிடைக்கும் அதே மரியாதை.

கதைக்குள்ளும் இதே கணக்குதான். துப்பறிபவர்கள் மூன்று பையன்கள். பழைய சாமான் கிடங்கை முன்னின்று நடத்தும் மத்தில்டா அத்தையைச் செர்ரி கேக் செய்பவராகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கேரி மட்டும் ‘பாடும் பாம்பு’ கதையில் ஆலி ஜேமிசன் என்ற துணிச்சலான சிறுமியைக் கொண்டுவந்தார்; பின்னர் வெள்ளிச் சுரங்கக் கதையிலும் அவளை அழைத்தார். அவளைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி, கூடவே எரிச்சல். பையன்கள் தயங்கும் இடத்தில் அவள் துணிந்து இறங்குகிறாள். ஆனாலும் நான்காவது கேள்விக்குறி அவளுக்குக் கிடைக்கவில்லை.

2006இல் அதே பதிப்பகம் சிறுமிகள் மூவர் துப்பறியும் தொடரைத் தொடங்கியது. பெயர்: ‘மூன்று ஆச்சரியக்குறிகள்’. கிம், ஃபிரான்சி, மாரி மூவரும் கெட்டிக்காரிகள்; அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. குறை அந்தக் குறியீட்டின்மீதுதான். துப்பறிவதற்குத் தேவையானது கேள்வி. அதைப் பையன்களிடம் விட்டுவிட்டு, பெண்களுக்கு ஏன் வியப்பைக் கொடுத்தார்கள்?

அன்று கடையிலிருந்து இரண்டு புத்தகங்கள் வாங்கினேன். வீட்டில் என் அலமாரியில் அவை ‘கே’ வரிசையில், கேரியின் பெயரில் இருக்கின்றன. இப்போதெல்லாம் எந்தப் பழைய புத்தகத்தை எடுத்தாலும் அட்டையைப் பார்த்த கையோடு உள்பக்கத்தையும் புரட்டுகிறேன். நீங்களும் புரட்டிப் பாருங்கள். நாம் தேடுகிறவள் பெரும்பாலும் அங்கேதான், சிறிய எழுத்தில் இருக்கிறாள்.